மஞ்சள் லென்ஸும் மாங்காய் ஊறுகாயும்

டெல்லி தரியாகஞ்ச் சந்தையில் வாங்கிய பழைய ஜப்பான் கேமராவின் லென்ஸ் ஏன் இப்படி மஞ்சளாக இருக்கிறது என்று இன்று காலையில் கணவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

போனைப் பார்த்துச் சொன்னார். “அந்தக் காலத்துல இந்தக் கம்பெனி லென்ஸ் கண்ணாடியில தோரியம் கலந்திருக்கு. லேசான கதிரியக்கம்.”

“ஐயோ, தலைமாட்டுலயே வெச்சுத் தூங்கினேனே!”

“லேசாதான்டி. வெயில்ல வெச்சா மஞ்சள் போயிடுமாம்.”

மொட்டை மாடியில் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலே போய்ப் பார்த்தால், லென்ஸை ஒட்டியே கீழ்வீட்டு ஆண்ட்டி தன் மாங்காய் ஊறுகாய் ஜாடியைக் காயவைத்திருக்கிறார்.

அங்கேயே நின்றவர் என் முகத்தைப் பார்த்து, “சிந்தா மத் கரோ, பேட்டி!”, கவலைப்படாதே மகளே, என்று சிரித்தார். ஊறியதும் முதல் கிண்ணம் எங்களுக்குத்தானாம்.

லென்ஸைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்தக் கிண்ணத்தை, “லேசாதான்” என்றவருக்கே முழுசாக வைத்துவிடலாமா? நீங்களே சொல்லுங்கள்.