மலையடியில் சிக்னல் இல்லை

உலகமே பார்த்துவிட்டது. துபாயில் பார்த்தார்கள், பெங்களூரில் பார்த்தார்கள், பனி கொட்டுகிற ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். மலைக்கு அடியிலேயே குடியிருக்கிற நாங்கள் மட்டும் பார்க்கவில்லை. போன கார்த்திகை தீபத்தன்று நடந்தது இது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், தேர் ஓடுகிற வீதியிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்தில் இருக்கிறது. நான் மருமகளாக வந்த நாளில் மொட்டை மாடி ஏறினால் மலை முழுசாகத் தெரியும். துணி காயப்போடும்போதும் எதிரே மலை, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு மூக்கைச் சிந்தும்போதும் எதிரே மலை. அதை யாரும் மெனக்கெட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மலைதானே, எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டோம். மலை போகவில்லை. நடுவில் லாட்ஜ் வந்துவிட்டது.

பக்கத்து மனையை யாரோ வெளியூர்க்காரர் வாங்கித் தளம் தளமாக ஏற்றினார். முதல் தளம் போட்டபோது அடிவாரம் மறைந்தது. அடுத்ததில் மலையின் இடுப்பு போனது. கடைசியில் உச்சியும் போய், அந்த இடத்தில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் வரிசையாக ஏசி பெட்டிகளும் வந்து உட்கார்ந்தன. வாசலில் போர்டு வைத்தார்கள், மொட்டை மாடியிலிருந்து தீப தரிசனம் என்று. எங்கள் மாடியிலிருந்து பிடுங்கியதை அவர்கள் மாடியில் வைத்து விற்கிறார்கள். கேட்டால் எல்லாம் முறையாக அனுமதி வாங்கிக் கட்டியது என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு வயிறு எரிவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தீபத்தன்று ஒரு வழக்கம் உண்டு. மலை உச்சியில் ஜோதி தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு ஏற்றுவோம். அதுவரை வாசலில் அகல்கள் எண்ணெயும் திரியுமாகக் காத்திருக்கும். விரதம் இருப்பவர்கள் ஜோதியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வாயில் எதையாவது போடுவார்கள். என் மாமியார் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து இந்த விரதத்தை விட்டதில்லை. இப்போது அவருக்குச் சர்க்கரை நோய். முட்டி இரண்டும் போய்விட்டது. வாசற்படி இறங்குவதே பெரும்பாடு. ஆனாலும் விரதம் விரதம்தான்.

லாட்ஜ் எழும்பிய பிறகு இதற்கு என்ன செய்வது என்று நாங்கள் முழித்தபோது என் வீட்டுக்காரர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அதுதான் டிவியில் நேரலை வருகிறதே, மாடியில் பார்த்தால் என்ன, ஹாலில் பார்த்தால் என்ன, இரண்டும் ஒன்றுதானே என்றார். மாமியார் இரண்டு நாள் யோசித்தார். அந்த நிமிஷத்தில் நடப்பதை அந்த நிமிஷமே காட்டுகிறார்கள் என்றால் சரி என்று ஒத்துக்கொண்டார். முதல் வருஷம் டிவிக்கு முன்னால் கற்பூரத் தட்டோடு நின்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எனக்கும் மெஷினுக்கும் ஒரு பகையும் கிடையாது. வாஷிங் மெஷின் வந்த அன்று அதற்குக் குங்குமம் வைத்தவள் நான். கிரைண்டரைக் கண்டுபிடித்தவன் எதிரே வந்தால் காலில் விழுவேன். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். கிரைண்டர் என் தோள்வலியை எடுத்துக்கொண்டது, நன்றாக இரு என்று விட்டுவிட்டேன். ஆனால் கையில் இருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு வேறெதையோ திணித்து, ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்று இல்லை. ஒன்றாக இருந்தால் அந்த லாட்ஜ்காரன் ஏன் மாடியை விற்கிறான், ரூமுக்கு ஒரு டிவியை வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே?

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. என் வீட்டுக்காரர் கேபிளை வெட்டிவிட்டார். இந்தக் காலத்தில் யார் கேபிள் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, பெரிய டிவி ஒன்றை வாங்கி, தன் ஃபோனிலிருந்து நெட் கொடுத்துப் பார்க்கிற மாதிரி செய்துவிட்டார். மற்ற நாளெல்லாம் பிரமாதமாக ஓடியது. எந்த ஊர்ச் சமையல் வேண்டும், எந்தக் கோயில் தேர் வேண்டும், சொன்னால் வரும். ஆனால் தீபத்தன்று இந்த ஊருக்கு எத்தனை லட்சம் பேர் வருவார்கள், அத்தனை பேர் பையிலும் ஒரு ஃபோன் இருக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் அதை எடுப்பார்கள் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருவுக்குப் பேசுவதற்கே லைன் கிடைக்காது. அந்த ஒரு சாயங்காலத்துக்கு நெட்டை நம்பி உட்கார்ந்த அறிவாளிகள் நாங்கள்.

அன்று காலையிலிருந்தே மாமியார் கொஞ்சம் சோர்வாகத்தான் இருந்தார். மதியத்துக்கு மேல் கை லேசாக நடுங்கியது. சந்தேகப்பட்டுக் கேட்டேன். விரதம் இருந்தால் மாத்திரை வேண்டாம், மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

“டாக்டரு மாத்திரைய வுடக்கூடாதுன்னாரு, வுடல. சாமிக்கு வெரதம், அதையும் வுடல.”

காலையிலேயே ஒரு மடக்குத் தண்ணீரில் சர்க்கரை மாத்திரையை விழுங்கியிருக்கிறார். வெறும் வயிறு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். பால், கஞ்சி, ஒரு வாழைப்பழம் என்று எதைக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம்தானே, ஆறு மணிக்குத் தீபம் தெரிந்துவிடும், பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்றார். நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடங்கினேன்.

ஆறு மணி ஆனது. கோயில் பக்கமிருந்து அரோகரா என்று ஒரு சத்தம் கிளம்பி, தெருத்தெருவாகப் பரவி, எங்கள் சந்து வரைக்கும் வந்தது. வெடி வெடித்தார்கள். லாட்ஜ் மாடியில் கைதட்டல். எங்கள் டிவியில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தம் எங்கள் சந்துக்கே வந்துவிட்டது, படம் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் மாடிப்படிக்கும் ஓடினார். நான் அத்தையிடம் கெஞ்சினேன், சத்தம் கேட்டுவிட்டதே, ஏற்றிவிட்டார்களே, சாப்பிடுங்கள் என்று. கண்ணால் பார்க்கவில்லையே என்றார்.

அந்த நேரத்தில் எப்படியோ வழி கண்டுபிடித்துக்கொண்டு ஒரே ஒரு கால் வந்தது. துபாயிலிருந்து என் கொழுந்தனார். தீபம் பார்த்தாயிற்றாம், அவ்வளவு தெளிவாக இருந்ததாம், பக்கத்திலிருந்து பார்த்த மாதிரியே இருந்ததாம். நீங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள் அண்ணி, நேரிலேயே பார்த்திருப்பீர்கள் என்று வேறு சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபோனை அத்தையின் காதில் வைத்தேன். சின்ன மகன் பார்த்துவிட்டான் என்றாவது ஒத்துக்கொள்வாரா என்று ஒரு நப்பாசை.

“நீ டிவியில பாத்தியா? சரி, நீ சாப்புடு,” என்றார் அத்தை. ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டார்.

நீட்டிய கை வியர்த்து ஊற்றியிருந்தது. நெற்றியிலும் வியர்வை. கார்த்திகை மாசக் குளிரில் ரவிக்கை நனைந்திருந்தது. பேச்சு குழற ஆரம்பித்தது. சர்க்கரைத் தண்ணீர் கலக்கி உதட்டில் வைத்தேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டார். டாக்டர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் சந்து முனையிலிருந்து தலைகள்தான். ஆட்டோ கிடையாது, சைக்கிள்கூட நுழைய முடியாது. என் வீட்டுக்காரர் வெலவெலத்துப் போய், இந்தா வந்துவிடும் அம்மா, இந்தா வந்துவிடும் என்று அந்த வட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் லாட்ஜுக்கு ஓடினேன்.

ரிசப்ஷனில் டை கட்டிய மேனேஜர் நின்றிருந்தார். மரியாதையான ஆள்தான். நான் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். மாமியாரை நாற்காலியோடு தூக்கிவருகிறோம், உங்கள் லிஃப்டில் ஏற்றி ஒரு நிமிஷம் மலையைக் காட்டிவிட்டு இறக்கிவிடுகிறோம் என்றேன். மேலே நிற்கவே இடமில்லை, எல்லோரும் ஆன்லைனில் புக் பண்ணி வந்தவர்கள், நாற்காலி நுழையவே நுழையாது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்கவேண்டும்.

“ஒண்ணு பண்லாங்க மேடம். உங்க ஃபோன குடுங்க, நான் மேல போய் வீடியோ எடுத்தாறேன். அம்மாவுக்குக் காட்டிடுங்க.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“எங்க வூட்டுல தெரிஞ்ச மலைய மறைச்சிட்டு, எனக்கே வீடியோ எடுத்துக் குடுப்பீங்களா? தள்ளுங்க. நானே எடுத்துக்கறேன்.”

அவர் தள்ளினாரா, நான் தள்ளினேனா தெரியாது. லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினேன். மொட்டை மாடியில் நெரிசல். முக்கால்வாசிப் பேர் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அப்லோட் ஆகவில்லை என்று சலித்துக்கொண்டார். இன்னொருவர் என்ன ஊர் இது, ஒரு டவர்கூட எடுக்கவில்லை என்றார். தீபம் பார்க்க வந்தவர்களுக்குப் பார்த்தது போதவில்லை, அனுப்ப முடியவில்லையே என்று தவிக்கிறார்கள். பார்த்தால்தான் உயிர் பிழைக்கும் என்று ஒரு பொம்பளை கீழே கிடக்கிறாள். கண்டபடி திட்டவேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. இடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. சின்னதாக, சிவப்பாக, காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து எரிந்தது. லாட்ஜ் வந்த பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். என்னை அறியாமல் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கும்பிட்டேன். அழுகை வந்தது. அத்தையைக் காப்பாற்று என்று கேட்டேன், இவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்றும் கூடவே கேட்டேன். பிறகு திரும்பி, வந்த வேகத்தில் இறங்கி ஓடினேன்.

வீட்டு வாசலில் கால் வைத்தபோது என் வீட்டுக்காரர் கை நீட்டி, வீடியோவாவது எடுத்து வந்தாயா, ஃபோனைக் கொடு என்றார். அப்போதுதான் தெரிந்தது. கும்பிட்ட கைக்குள்ளேயே ஃபோன் இருந்திருக்கிறது. நான் ஒன்றும் எடுக்கவில்லை. அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. திரும்ப ஓடலாம் என்றால் கால் வரவில்லை. அத்தை நாற்காலியில் சரிந்திருந்தார், கண் பாதி மூடியிருந்தது. நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் என் பேச்சை அப்படியே நம்பினதே இல்லை. உப்பு சரியாக இருக்கிறது என்று நான் சொன்னாலும் தானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

மெதுவாகக் கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தார்.

“பாத்தியா நீ?”

“பாத்தேன் அத்தை.”

“கண்ணாலயா?”

“கண்ணால.”

கையைத் தூக்கி என் கன்னத்தைத் தொட்டார். கன்னம் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தை விரலால் தொட்டுத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார். சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். டம்ளர் பாதியானதும் ‘வெளக்க ஏத்து’ என்றார். என் வீட்டுக்காரர் தீப்பெட்டியோடு வாசலுக்கு ஓடினார். நான் வாழைப்பழத்தை உரித்து ஊட்டினேன். நடுக்கம் அடங்கியது, முகத்தில் ரத்தம் திரும்பியது.

அகல் எல்லாம் ஏற்றி முடித்து அவர் உள்ளே வந்த நேரத்தில் டிவிக்கு உயிர் வந்தது. எப்போதோ முடிந்துபோனதைப் புதுசாக நடக்கிற மாதிரி ஆரம்பித்து, அரோகரா என்று கத்தியது. திரை முழுக்க ஜோதி. ‘ம்மா, வந்துடுச்சி, பாரு, வந்துடுச்சி’ என்று என் வீட்டுக்காரர் துள்ளிக்கொண்டு அத்தையின் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பப் போனார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பாமலே சொன்னார்.

“அத நிறுத்துடா. நான் பாத்துட்டேன்.”