உல்லாசம் என்று எழுதிய லீவுக் கடிதம்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பெரிய கிளாக்கராக இருந்த காலம் அது. கண்டியில் கல்லூரிப் படிப்பை முடித்தவன் என்பதால் தோட்டத்தின் ஆங்கிலக் கடிதங்கள் அனைத்தும் என் கையாலேயே எழுதப்பட்டன. துரை கையெழுத்திடுவதோடு சரி. ஒரு சொல்லையும் திருத்தியதில்லை. அந்தப் பெருமையை நான் அன்றும் மறைத்ததில்லை, இன்றும் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கடிதங்களுள் ஒன்றைப் பற்றி எழுதாமல் கண்மூட எனக்கு மனமில்லை.

அவ்வாண்டு ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. பகல் பத்து மணிக்குக்கூட மூடுபனி எங்கள் முற்றத்தைவிட்டு நகராது. துவைத்த துணிகள் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் நாட்கணக்கில் தொங்கும். என் மனைவிக்கு இருமல் கண்டபோது குளிரால் வந்த சளி என்றே எண்ணினோம். ஒருநாள் அவள் வாயைத் துடைத்த துணியை அவசரமாக மடித்தாள். நான் வாங்கி விரித்துப் பார்த்தேன்.

அந்தப் பகுதித் தோட்டங்களுக்கு வாரம் ஒருமுறை மட்டக்குதிரையில் ஒரு டிஸ்பென்சர் வருவார். அவர் அவள் முதுகில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்தார்.

“இந்த ஈரத்துல வச்சிருந்தா நான் குடுக்குற மருந்து எதுவும் ஏறாதுங்க. கொழும்புக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்ப அங்க நல்ல வெயிலு. கடக்கரையில காலையிலயும் சாயங்காலமும் உக்கார வைங்க. பத்து நாளாவது இருக்கட்டும். அங்க ஒரு பெரிய டாக்டரும் பாக்கலாம்.”

“எப்பப் போகணும்?”

“வண்டி கெடைச்சா நாளைக்கே.”

துரைக்கு ஒரு துண்டு எழுதித் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்தத் துண்டில் சயரோகம் என்ற சொல் இருக்கும். காலையில் ஆபீசுக்கு வரும் சொல், மாலைக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்விடும். எங்கள் ஒரே மகளைப் பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்துக்குப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சை நடத்தி வைத்தவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி. சயரோகம் உள்ள வீட்டில் பெண் எடுப்பார் எவருமில்லை.

ஆகவே மார்கழி பிறந்த வாரத்தில் நானே லீவுக் கடிதம் எழுதினேன். நீண்ட மழையால் உண்டான சோர்வு நீங்கக் குடும்பத்தோடு கொழும்புக்குச் சென்று கடல் கண்டு திரும்பும் உல்லாசப் பயணம், பத்து நாள் மட்டும், என்று எழுதினேன். நோய் என்ற சொல்லுக்கு அதில் இடமே இல்லை. இருமுறை கிழித்து, மூன்றாம் முறை எழுதியதைக் கொடுத்தேன்.

துரை அதை வாசித்துச் சிரித்தார். இவ்வளவு அழகான லீவுக் கடிதத்தைத் தாம் கண்டதில்லை என்றார். பிறகு, தையில் கம்பெனியிலிருந்து தோட்டத்தைப் பார்வையிட ஒருவர் வருகிறார், பதிவேடுகளோடு நான் பக்கத்தில் இருக்க வேண்டும், உல்லாசத்தை மாசியில் வைத்துக்கொள்ளலாம், கடல் எங்கும் ஓடிவிடாது என்றார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமல், தங்கள் சித்தம் என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கூறி வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “மாசிதானே, வந்துரும்,” என்றாள். அன்று முதல் மதியச் சாப்பாட்டுக்கு நான் வரும்போதெல்லாம் பயணத்தைப் பற்றியே கேட்டாள். கொழும்பில் தங்கும் வீடு கடலுக்கு எவ்வளவு தூரம், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும், மணலில் பாய் விரிக்கலாமா என்றெல்லாம் கேட்பாள். மாணவனாக இருந்தபோது இருமுறை பார்த்த கடற்கரையைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். ஒவ்வொரு நாளும் அந்தக் காகிதத்தைப் பிடித்த விரல்கள் மெலிந்துகொண்டே வந்தன.

நான்காம் நாள் பெரிய கங்காணி தம் மனைவியோடு வந்தார்.

“என்னங்க கிளாக்கர் ஐயா, கடல் பாக்கப் போறீங்களாமே? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. தொரை வாயால கேக்க வேண்டியிருக்கு.”

“மாசியிலதான் கங்காணியாரே. இன்னும் நாள் இருக்கு.”

“இவரு இருவது வருசமா கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாருங்க,” என்றார் அந்த அம்மாள். “நான் பாத்த கடலு, தூத்துக்குடியில கப்பலேறி வாந்தி எடுத்த கடலுதான்.”

“கடலு அப்படியேதான் இருக்கு. நீ வாந்தி எடுக்காமப் பாத்தாப் போதும்,” என்ற கங்காணி என் பக்கம் திரும்பினார். “மாசியில நாங்களும் வாறோம். பதுளைக்காரங்களையும் கூப்பிட்டுக்குவோம். பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு, கடல் பாத்த மாதிரியும் ஆச்சு. என்ன சொல்றீங்க?”

மறுக்க எனக்குக் காரணம் இல்லை. உல்லாசப் பயணத்துக்கு உடன் யாரும் வரக்கூடாது என்று யாரால் சொல்ல முடியும்? சரி என்றேன். உள்ளேயிருந்து சிறு ஓசைகூட வரவில்லை. என் மனைவி துணியை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. சற்றுக் கழித்துக் கோப்பித் தண்ணி கொண்டு வந்தாள். முகம் சிவந்து, கண்களில் நீர் நின்றது.

“ஏன் தங்கச்சி, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?”

“வெறகு ஈரம் அக்கா. ஒரே பொகை.”

அவர்கள் போனதும் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினாள். ஓய்ந்தபின் வெகுநேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, கடல் சத்தம் பெரிசா இருக்குமா?”

“இருக்கும்.”

“பக்கத்துல உள்ளவங்க பேசுறதுகூடக் கேக்காதா?”

“கேக்காது.”

“அப்ப அங்க போயி ஒரு தடவ நல்லா இருமிக்கிறேன்.”

இதைக் கேட்ட பிறகாவது நான் துரையிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளை போகலாம் என்று எண்ணிக்கொண்டு தினமும் பதிவேடுகளைத் திறந்தேன். அடுத்த வாரம் வந்த டிஸ்பென்சர் என்னை வெளியே அழைக்கவில்லை. அவள் முன்னாலேயே, “இன்னும் போகலையா?” என்று கேட்டுவிட்டுக் குதிரையேறிப் போனார். அதற்கடுத்த வாரம் அவளால் குழாயடிவரை நடக்க முடியவில்லை.

மார்கழி முடிவதற்குச் சில நாட்கள் இருந்தன. எங்கள் வீட்டுக்கு நேர் கீழே பெரட்டுக்களம். விடியற்காலையில் தப்படித்து ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் இடம். துரை குதிரைமேல் இருந்தார். நான் பெயர்ப் பதிவேட்டோடு பக்கத்தில் நின்றேன். படியில் யாரோ இறங்கி வருவது பனியூடே தெரிந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தவள் என் மனைவி. களத்தின் ஓரத்தில் நின்று, வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு இருமினாள். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த இருமல் அது. கொழுந்தெடுக்கும் பெண்களின் வரிசை இரண்டடி பின்வாங்கியது. இருமல் நின்றதும் துணியால் வாயைத் துடைத்து, அதை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“தொரைங்களே, எங்க ஐயா எழுதுன காயிதம் கடல் பாக்குறதுக்கு இல்லீங்க. எனக்கு வெயில் வேணுங்க.”

தோட்டத் தமிழ் துரைக்கு நன்றாகப் புரியும். அவர் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இது ஏன் கடிதத்தில் இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார். தோட்டத்தின் எல்லாக் கடிதங்களையும் எழுதிய நான் கையிலிருந்த பதிவேட்டை மூடினேன். இன்றைக்கே போ என்றார். பெரிய கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகளை டிஸ்பென்சர் வீட்டில் விட்டுவிட்டு நண்பகலில் மாட்டுவண்டியில் புறப்பட்டோம். எங்களோடு வர யாரும் இல்லை. வழியில் ஒரு வளைவில் கங்காணியின் மனைவி நின்றார். கையிலிருந்த கம்பளியைப் பாதையோரக் கல்லின்மேல் வைத்துவிட்டு விலகிப் போய் நின்றுகொண்டார்.

“ரயிலுல குளிரும் தங்கச்சி. எடுத்துக்க.”

அப்புத்தளையில் மறுநாள் ரயில் ஏறினோம். கொழும்பு டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு, மார்கழித் தொடக்கத்தில் கொண்டு வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து அங்கேயே நிறுத்திக்கொண்டார். என் கடிதத்துக்கும் அந்தப் பெரட்டுக்கும் இடையில் இருபத்திரண்டு நாள். பதுளையிலிருந்து, ஜாதகம் சரிவரவில்லை என்ற பதில் நாங்கள் கொழும்பு சேருமுன்பே தோட்டத்துக்குப் புறப்பட்டிருந்தது.

அன்று மாலையே அவளைக் கடற்கரையில் பாய் விரித்து உட்கார வைத்தேன். அந்த மாதத்தில் மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அலை வந்து போவதே காதில் விழவில்லை.

“சத்தமா இருக்கும்னீங்களே,” என்று சிரித்தாள். சிரிப்பே இருமலாயிற்று. நல்ல உடையில் உலாவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னை அறிந்த ஒருவர்கூட அங்கே இல்லை. இருந்தும் நான் எழுந்து, அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே போய் நின்றேன்.

அவள் என் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“நகருங்க. வெயில மறைக்கிறீங்க.”

நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றோடு சேர்த்து நான்கு நாள்தான் அந்த வெயில் அவளுக்குக் கிடைத்தது.