ஆலோசகருக்கு நான் வைத்த பரீட்சை

முதல் நாள் ஆலோசகர் கொடுத்த படிவத்தில் என் பெயரைப் பொய்யாக எழுதினேன். ஊர் என்ற இடத்தில் வாடிப்பட்டிக்குப் பதிலாகத் தேனி என்று போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்தாள். தன் படிவத்தில் எல்லாவற்றையும் உண்மையாகவே நிரப்பினாள்.

அவளும் நானும் ஆறு வருடமாக ஆனையூரில் ஒரு மாடி வீட்டில் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தோம். நான் பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவள் பிசியோதெரபிஸ்ட். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அக்காவுக்கும் ஊரில் இருந்த என் அண்ணனுக்கும் நாங்கள் ஒரே வீட்டில் தங்கி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். எங்களுக்குள் நாங்கள் தம்பதி.

அந்த வருடம் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டால் அவள் கையிலிருந்து என் கையை உருவிக்கொள்வேன். பிறகு கையைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். பாயை எடுத்துக்கொண்டு ஹாலில் படுக்க ஆரம்பித்தேன். அவள் பல மாதம் பொறுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எம்புட்டு நாளைக்கு இப்படி? எம்மேல ஏதும் கோவமா?"

"இல்ல."

"அப்ப யார்கிட்டயாவது போய்ப் பேசுவோம். எங்க ஆஸ்பத்திரில ஒரு ஆலோசகரப் பத்திச் சொன்னாங்க. நம்மள மாதிரி ஆளுகளையும் சாதாரணமாப் பாக்குறவங்களாம்."

நான் நம்பவில்லை. இருபத்திரண்டு வயதில் என் தோழிக்கு நான் எழுதிய காதல் கடிதம் ஒன்று அண்ணன் கையில் சிக்கியது. அவர் என்னை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு, "எங்கிட்ட சொன்னா சுவத்துக்குக்கூடத் தெரியாதும்மா" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த பத்தாவது நிமிடம் அதை வரிவிடாமல் அண்ணனிடம் ஒப்பித்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் பகலெல்லாம் தூங்கினேன். குணமாகிவிட்டதாக நடித்த பிறகுதான் மாத்திரையை நிறுத்தினார்கள்.

அதனால் இந்த ஆலோசகர் வாயைத் திறந்ததுமே எனக்குச் சந்தேகம் கூடியது. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் குங்குமம், தலையில் பூ. பேச்சு அப்படியே எங்கள் பக்கத்துப் பேச்சு. இவருக்கு வாடிப்பட்டியில் ஒரு சொந்தக்காரர்கூடவா இருக்க மாட்டார்? வெளியே வந்ததும் அவளிடம் இதைச் சொன்னேன்.

"பயப்படணும்னா உன்னவிட நான்தான் பயப்படணும்" என்றாள். அவளுடைய பெற்றோர் எங்கள் சாதிக்காரர்களின் வயல்களில் கூலிக்கு நின்றவர்கள். அண்ணனுக்கு விஷயம் தெரிந்தால் கோபம் முதலில் யார் மேல் திரும்பும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "நானே வாரேன். நீ வர மாட்டியா?"

போனேன். ஆனால் மூன்றாவது முறை போனபோது, யோசித்து வைத்திருந்த ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் போகப்போகிறேன் என்றேன். என் பெயர் பொய்யானாலும் அவள் படிவத்தில் இருந்த வீட்டு முகவரி உண்மையானது; இந்தச் செய்தி அண்ணன் காதுக்குப் போனால் இவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். பக்கத்திலிருந்தவள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "எங்கிட்ட முதல்ல சொல்லிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். அவளிடமும் உண்மையைச் சொல்லாமல் விட்டேன்.

பத்தாம் நாள் அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"கோயம்புத்தூர்ல வேலையாம்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாக. அத விடு. அந்தப் புள்ளய அங்கயும் இழுத்துட்டுப் போகாத."

பயத்தோடு போனை வைத்தேன். கூடவே, நான் நினைத்தது சரிதான் என்று ஒரு திருப்தியும் இருந்ததை மறைக்க மாட்டேன். மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு ஆலோசகர் முன்னால் போய் நின்றேன்.

"எங்க அண்ணங்கிட்ட சொன்னது நீங்கதான். கோயம்புத்தூர்ல வேலையே கிடையாது. உங்களுக்குன்னு சொன்ன பொய் அது."

ஆலோசகர் பதில் சொல்வதற்குள் அவள் கேட்டாள். "பொய்யா? நான் அங்க மூணு ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டுட்டேனே."

ஆலோசகர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். "நான் யார்ட்டயும் சொல்லல. அத நீங்க நம்பித்தான் ஆகணும்னு இல்ல. இந்த ரூமுக்கு வெளிய யாராவது இதப் பேசினீங்களா?"

அவள் யோசித்தாள். "வீட்டுக்கார அக்காட்ட சொன்னேன். வீட்ட காலி பண்ண வேண்டி வரும்னு."

அன்று சாயங்காலமே அந்த அக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. "நீங்க குடி வந்தப்பவே ஒங்க அண்ணன் நம்பர் குடுத்துட்டுப் போனாரும்மா. யாரு வாரா, யாரு போறான்னு கேப்பாரு. சொல்லுவேன். எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான." ஆறு வருடமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கேட் சத்தத்துக்கு நான் பயந்தது வீண்பயம் இல்லை. ஆனால் என் பொய்யில் அடிபட்டது அவள்தான்.

அடுத்த முறை போனபோது ஆலோசகரிடம் என் உண்மையான பெயரையும் ஊரையும் சொன்னேன். அவர் பழையதை அடித்துவிட்டு எழுதிக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. "அந்தப் பத்து நாள் இவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். மீதி நேரம் முழுவதும் அவளே பேசினாள். தன்னைக் கழற்றிவிட்டுப் போவதற்குத்தான் நான் ஹாலில் படுத்தேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கையைப் பிடித்தேன். அவள் உடனே திருப்பிப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஆனது.

நாங்கள் வீடு மாறினோம். புது முகவரியை நானே அண்ணனிடம் சொல்லி, "எங்களப் பத்தி எதுவும் தெரியணும்னா எங்கிட்டயே கேளுங்கண்ணே" என்றேன். போன மாதம் ஒரு மதியம் வந்தார். உள்ளறையில் ஒரே கட்டில் கிடப்பதைப் பார்த்தார். அவள் கொடுத்த டீயை முழுக்கக் குடித்தார். செருப்பை மாட்டும்போது, "தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். "வருதுண்ணே" என்றேன்.

அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு போனாரா, யோசிக்கப் போனாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் போன பிறகு, "பக்கத்து வீட்ல யாருக்கும் நம்பர் குடுத்துட்டுப் போயிருப்பாரோ?" என்று அவளிடம் கேட்டேன்.

"இருக்கலாம்" என்றாள். டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நகரவில்லை.