பைலட் டெய்லரின் ஒன்பது மணி நேரம்

கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, சுவரில் ஒட்டியிருக்கும் உலகப் படத்தின் மேல் வைக்கிறார் டெய்லர். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் தூக்கிய கையை இறக்காமல் நிற்கிறார். ஒரு நுனி இந்த ஊரில், மறு நுனி மகள் வாழ்க்கைப்பட்ட ஊரில். அங்குலத்தைக் கிலோமீட்டராக்கி, விமான வேகத்தால் வகுத்து, "ஒம்பது மணி நேரம். அவ்ளோதான். கண்ணை மூடித் தொறந்தா ஊரு" என்கிறார். வந்தவர் எந்த ஊரையும் விசாரிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

தெருவில் அவருக்குப் பைலட் என்று பெயர். ஆசாமி விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பீற்றலுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. எதிர்க்காற்று அடித்தால் அரை மணி கூடுமாம், பின்னாலிருந்து தள்ளினால் குறையுமாம். அந்த ஊருக்கே போய்வந்த மளிகைக்கடைக்காரர், நடுவே இரண்டு இடத்தில் இறங்கி ஏறிய கதையைச் சொன்னபோது, உனக்கு டிக்கெட் எடுக்கத் தெரியவில்லை என்று அவர் வாயை அடைத்தார்.

மகளுக்குத் தலைப்பிரசவம். முன்கூட்டியே போய்விடலாம் என்று மனைவி மூன்று மாதமாகப் படித்துப் படித்துச் சொன்னாள். விசா வந்து அலமாரியில் தூங்கியது. இவரோ, வலி கண்டதும் கிளம்பினாலே போதும் என்று சாதித்தார். "தலைப்பிரசவம்னா ஒரு நாள் இழுக்கும்டி. அதுக்குள்ள நாம வாசல்ல நிப்போம்." ஊரான் கால்சட்டைக்குக்கூடத் தையலில் இரண்டு விரல் துணி விட்டு வெட்டுகிற மனிதர், பெற்ற மகளுக்கு ஒரு நூல் விடவில்லை. என்னத்தைச் சொல்ல!

போன வாரம் ஒரு காலையில் மருமகன் கூப்பிட்டார். வலி எடுத்துவிட்டது. அன்றைக்கு அந்தப் பக்கம் போகும் விமானமே இல்லை. மறுநாள் கிளம்பினாலும் இரண்டு ஊரில் காத்துக் கிடந்து, மாறி ஏறிப் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும் என்று டிக்கெட் போடும் பெண் பொறுமையாக விளக்கினாள். வெட்கம் கெட்ட மனுஷன், அவளுக்கும் மேஜையில் விரலால் நேர்க்கோடு இழுத்துக் காட்டினார். மனைவிக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

மறுநாளைக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குத் திரும்பியபோது குழந்தை பிறந்துவிட்டிருந்தது. அறுவை சிகிச்சையாம். உள்ளே கொண்டுபோகும்வரை மகள் "அம்மா எங்க வந்துக்கிட்டிருக்காங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று மருமகன் சொன்னார். மனைவி, தாயாக இருந்து என்ன பிரயோஜனம் என்று தையல் மிஷின் மேல் கவிழ்ந்து அழுதாள்.

பிறகு மனைவியின் கைபேசிக்கு வீடியோவில் வந்து மருமகன் குழந்தையைக் காட்டினார். பைலட் முகமெல்லாம் பல்லாக, மனைவியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"தாத்தாவைப் பாரு கண்ணு. இதோ, பக்கத்துலதான் இருக்கேன்."

மனைவி அவர் கண்ணில் படாதபடி திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, தான் மட்டும் பார்த்தாள்.