கண்காட்சிக்குப் போய் வந்தவர்

செய்தி எட்டாம் பக்கத்தில் வந்தது. மூன்று பத்தி, ஒரு படம். படத்தில் இருந்தவர் என் தங்கையின் காப்பித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கொட்டை வறுப்பவர். சிங்கப்பூரில் நடக்கவிருக்கும் அனைத்துலகக் காப்பி, தேயிலை வணிகக் கண்காட்சிக்கு அவரும் செல்கிறார் என்று மூன்றாம் பத்தி சொன்னது. எழுதியவன் நான். மற்ற எல்லாவற்றையும் கேட்டு உறுதி செய்துகொண்டவன், அந்த ஒரு வரியை மட்டும் அவரிடம் கேட்கவில்லை.

தொழிற்சாலை என்பது பெரிய சொல். பத்து பாகாட் என்ற ஊரில் தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகை, ஒரு வறுக்கும் உருளை, எட்டுப் பேர். மச்சான் இறந்த பிறகு தங்கைதான் நடத்துகிறாள். நாளிதழிலிருந்து ஓய்வு பெற்றபின் அவளுக்கு வரும் ஆங்கில, மலாய்க் கடிதங்களைப் பார்ப்பதும் பாரங்களை நிரப்புவதும் என் வேலையாயிற்று. சிறு தொழில்களுக்குக் கண்காட்சியில் ஒரு மூலை ஒதுக்கித் தருவதாகக் கடிதம் வந்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வறுக்கும் அண்ணன் வந்தால்தான் தானும் வருவாள். வாங்க வருபவர்கள் எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், எந்தச் சத்தத்தில் இறக்குவீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு அவளிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அவர் அதையெல்லாம் காதில் வைத்திருந்தார்.

பயண ஏற்பாட்டில் அவரைவிட முனைப்பாக யாரும் இல்லை. எத்தனை கிலோ எடுத்துப் போவது, எந்த அரைவை, வடிக்க எத்தனை துணிப்பை, அங்கே தண்ணீர் வேறு மாதிரி இருக்குமே என்ன செய்வது, எல்லாம் அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். கொட்டை விளைந்த இடத்தை ஒரு பாரத்தில் கேட்டிருந்தார்கள். காஹாங் என்று ஊர்ப் பெயரை மட்டும் எழுதப் போனேன். அவர் தடுத்து, எந்தத் தோட்டம், எந்தச் சரிவு, செம்பனை எங்கே முடிந்து காப்பி எங்கே தொடங்குகிறது என்பது வரை சொன்னார். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் பிறந்ததாகவும் சொன்னார். அது பாரத்துக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த பாரம் ஆட்களுக்கானது. பெயர், கடப்பிதழ் எண், அதாவது பாஸ்போர்ட் நம்பர். நாளைக்குத் தருவதாகச் சொன்னார். மறுநாள் வீட்டில் மறந்துவிட்டு வந்தார். அதற்கு மறுநாள் உருளையின் பெல்ட் அறுந்துவிட்டது, பேச நேரமில்லை. பிகு பண்ணுகிறார், கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்று நான் முடிவு செய்தேன். எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டுப் பாரத்தை அனுப்பினேன். பழைய அலுவலகத்துக்குச் செய்தியையும் அனுப்பினேன். அச்சில் வந்துவிட்டால் பின்வாங்க மாட்டார் என்பது என் கணக்கு.

செய்தித்துண்டை ஆலயத்துக்கு எதிரில் இருந்த உணவுக்கடையில், குளிர்பெட்டியின் கண்ணாடியில் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆலயத் தலைவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். யாராவது வெளிநாட்டுக்குப் படிக்கப் போனாலும் பந்து விளையாடப் போனாலும் எங்கள் ஆலயத்தில் போவதற்கு முன்பே பொன்னாடை போர்த்திவிடுவார்கள். திரும்பி வந்த பிறகு யாரும் கேட்பதில்லை.

“இனிமே அண்ணன் கையால காப்பி குடிக்கணும்னா நாம கியூவுல நிக்கணும்” என்றார் தலைவர்.

“போய் அங்கேயே செட்டில் ஆயிடாதீங்க லா” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். பொன்னாடை ஒரு தோளிலிருந்து நழுவியதைச் சரிசெய்துகொண்டு கைகூப்பினார். அவருடைய மனைவி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கவனித்தேன். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் வறுவலை ஆறவிட்டு என் மேசைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, கடிதங்களின் மேல் வைத்தார்.

“நீங்க கேட்ட நம்பர் என்கிட்ட இல்லண்ணே.”

அட்டை சிவப்பு. இந்த நாட்டில் பிறந்து, இங்கேயே வேலை செய்து, குடிமகனாக ஏற்கப்படாதவரின் அட்டை. அதை வைத்துக் கடப்பிதழ் எடுக்க முடியாது. அந்த நிறத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாளிதழில் இருந்தபோது சிவப்பு அட்டைக்காரர்களைப் பற்றி ஐந்து நாள் தொடர் எழுதியவன் நான். குடியுரிமைப் பதிவு முகாம் நடந்த மண்டபங்களில் அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்து, பிறப்பு எப்போது பதிவானது, யார் பதிவு செய்தது என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். இவருடைய கதையும் அவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம். லயத்தில் பிரசவம், காலம் கடந்து பதிவு, அப்பா அம்மா இருவரிடமும் சரியான தாள் இல்லை. குடியுரிமைக்கு நான்கு முறை விண்ணப்பித்திருக்கிறார்.

அலமாரியில் அவருடைய கோப்பு இருந்தது. அதில் அட்டையின் நகல் கறுப்பு வெள்ளையில் இருந்தது. நிறம் தெரியாது, ஆனால் நிரந்தரவாசி என்ற மலாய்ச் சொல் தெளிவாகவே அச்சாகியிருந்தது. அந்தக் கோப்பை நானும் தங்கையும் எத்தனையோ முறை புரட்டியிருக்கிறோம்.

கோப்பு இல்லாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலை ஆட்கள் சிங்கப்பூருக்குச் சுற்றுலா போன இரண்டு முறையும் உருளையைக் கழுவ வேண்டும் என்று அவர் நின்றுவிட்டார். ஆலயத்திலிருந்து தாய்லாந்து போனபோது அவருக்குக் காய்ச்சல். தேர்தல் நாளில் மற்றவர்கள் விரல் மையைக் காட்டிக் கேலி பேசுவார்கள். அவர் விரல்களில் எப்போதும் காப்பிக் கரி, மை இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி.”

“நம்பர் கேட்டீங்க. போக முடியுமான்னு கேக்கலியே.”

கடப்பிதழுக்குப் பதிலாக அவரைப் போன்றவர்கள் கேட்டு வாங்கக்கூடிய பயணச் சான்று ஒன்று உண்டு. அதற்கும் விண்ணப்பம், பிறகு விசா. கண்காட்சிக்கு இருந்தது மூன்று வாரம். இரண்டு இடங்களுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்துவிட்டு அந்த யோசனையை விட்டேன். நாளிதழில் திருத்தம் போடச் சொல்கிறேன் என்றேன்.

“என்னன்னு போடுவீங்க?”

யோசித்துப் பார்த்தேன். உடல்நலம் சரியில்லை என்று போட்டால் பொய். உண்மையைப் போட்டால், பொன்னாடை போர்த்திய அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள். அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த ஊரில் மறைத்து வைத்திருந்ததும் அது ஒன்றைத்தான்.

“திருத்தம் வேணாம்” என்றார். “ஊரப் பொறுத்தவர நான் போறேன். கண்காட்சி நடக்குற மூணு நாளும் காஹாங்ல அக்கா வீட்ல இருக்கேன். வரும்போது காரைத் திருப்பி வந்து என்னை ஏத்திக்குங்க. அங்க பார்த்தத ஒன்னு விடாம சொல்லுங்க.”

தங்கையிடம் நானே சொன்னேன். அவள் அவர் மேல் கோபப்படவில்லை. என்னுடன் இரண்டு நாள் பேசவில்லை.

அப்படித்தான் நானும் தங்கையும் மட்டும் சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டினோம். கொட்டைப் பெட்டிகளுக்குத் தாள்கள் சரியாக இருந்தன, தடங்கல் ஏதுமில்லை. கழுத்தில் மாட்டும் அட்டைகள் மூன்று பேருக்கும் தயாராக இருந்தன. காலியாக விட்ட கட்டத்தை அங்கே யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவருடையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று நாளும் குறிப்பேட்டில் எழுதினேன். கூரையின் உயரம், தரைவிரிப்பின் சாம்பல் நிறம், பக்கத்துக் கடையில் தேயிலையைக் கண்ணாடிக் குழாய்களில் நிறுத்தி வைத்திருந்த விதம், கழிவறைக்குப் போகும் வழி, மதியம் விற்ற சோற்றுப்பெட்டி. வணிகத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. இரண்டாம் நாள் ஒருவர் எங்கள் காப்பியை இரண்டு முறை வாங்கிக் குடித்தார். இவ்வளவு பெரிய கொட்டையை உள்ளே வரை வேகும்படி எப்படி வறுத்தீர்கள் என்று கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் குறிப்பிலிருந்து படித்தேன். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்குக் குறிப்பில் பதில் இல்லை. வறுத்தவர் எங்கே என்றார். வர முடியவில்லை என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார். அதன் பிறகு அப்படிக் கேட்டவர் யாருமில்லை.

காஹாங்கிலிருந்து பத்து பாகாட் வரை காரில் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லையில், குடிநுழைவுச் சாவடியில் காரை விட்டு இறங்க வேண்டுமா? அங்கே கைப்பேசியில் எதைக் காட்டுவது? பாலத்தின் மேல் போகும்போது கடல் இரண்டு பக்கமும் தெரியுமா, ஒரு பக்கம் மட்டுமா? கழுத்து அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதன் நாடாவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார்.

“ரொம்ப புதுசா இருக்கு.”

உணவுக்கடையில் தலைவரும் நாலைந்து பேரும் இருந்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். கூரை, தரைவிரிப்பு, கண்ணாடிக் குழாய், சோற்றுப்பெட்டி. ஒன்றும் பிசகவில்லை. நான் அவ்வளவு நன்றாக அவற்றைச் சொல்லியிருக்கவில்லை.

“அதெல்லாம் சரி, நம்ம காப்பிய என்ன சொன்னாங்க?” என்று தலைவர் கேட்டார்.

காரில் நான் அதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். அவரும் அதை மட்டும் கேட்கவில்லை. இப்போது என் பக்கம் திரும்பினார்.

“இங்கிலீஸ்ல பேசினதெல்லாம் அண்ணன்தான். அவரையே கேளுங்க.”

நல்ல வரவேற்பு என்றேன். வறுவலைப் பாராட்டிப் பேசினார்கள், கடிதம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். தலைவர் அவர் தோளைத் தட்டினார். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து, உருளையைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டார். கடிதம் எதுவும் வரவில்லை. வந்ததா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்தாவது விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சென்ற மாதம் அவருடைய மனைவி என் தங்கையிடம் சொன்னார்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். ஊரை மாற்றச் சொன்னார். “பேர் போடாதீங்க. பேர் போட்டு எழுதினது ஒரு தடவ போதும்.” ஆகவே அந்த ஊர் பத்து பாகாட் இல்லை. எழுதி முடித்து, இந்த முறை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தினார். தரைவிரிப்பு நீலம் என்று எழுதியிருந்தேன்.

“சாம்பல்னு சொன்னீங்க அண்ணே.”

குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். சாம்பல்தான். மாற்றிவிட்டேன்.