இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்

தும்பி...

பந்தின் ரப்பர் மணம் இப்போதும் என் மூக்கில் நிற்கிறது. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் உன் உள்ளங்கையை விட்டு அந்த மணம் போகாது. மாட்ச் முடிந்து வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிடுவாய். பரந்தன் சந்தியில் இறங்க எழுப்பினால், அந்தக் கையால்தான் என் முகத்தைத் தள்ளிவிடுவாய்.

இதை உன் போனில், உங்கள் ரீம் குறூப்பில்தான் எழுதுகிறேன். உன் சிநேகிதிகள் வாசிப்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ பிள்ளையள்.

நேற்றுப் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டிக்குப் போனேன். நீ போன பிறகு முதல் தடவை...

நான் முதன்முதல் பார்க்க வந்த மாட்ச்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. உங்கள் ரீம் பந்து போடுகிற கூடைக்குக் கிட்ட, உரப்பையை விரித்து அதில் இருந்தேன். இடைவேளை முடிந்ததும் நீ பந்தோடு மைதானத்தின் மற்றத் தலைப்புக்கு, எதிர்க் கூடைக்கு ஓடினாய். எழும்பிக் கத்தினேன்.

"பிள்ளை! எங்கடை கூடை இஞ்சை கிடக்கு! ஏன் அங்காலை ஓடுறாய்?"

முழுச் சனமும் சிரித்தது. உன் ரீம் பிள்ளை ஒருத்தி, "அன்ரி, நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்து ஆள்?" என்று கேட்டாள். உங்களுக்குப் பயிற்சி தருகிற மிஸ், சிரிக்கவே தெரியாத மனுசி, அவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

பஸ்ஸில் என்னோடு கோபம் உனக்கு.

"மானம் போச்சணை அம்மா. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்."

"அப்ப நானும் மாறுறன்" என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாட்சிலும் இடைவேளைக்கு நான் உரப்பையை உதறி, தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு மற்றத் தலைப்புக்கு நடப்பேன். "அன்ரி வெளிக்கிட்டா, இனித் தொடங்கலாம்" என்று ஓரத்து வாங்குப் பலகையில் இருக்கிற பிள்ளைகள் கைதட்டுவார்கள். பந்தோடு நீ ஓடி வந்தால் என்னைப் பார்த்துத்தான் ஓடி வருவாய். எனக்கு அது போதும்.

விளையாட்டு எனக்கு விளங்கினதே இல்லை. யாரைப் பார்க்கவேணும் என்று நீதான் சொல்லித் தருவாய்.

"பந்தைப் பாராதேங்கோ அம்மா, தலை சுத்தும். ஆளைப் பாருங்கோ."

வவுனியா ரீமில் ஒரு நெட்டைப் பிள்ளை. "அவள் பாயமாட்டாள். சும்மா கையை நீட்டுவாள், பந்து தானா வந்து ஒட்டும்." அந்த ரீமின் கோச். "அவர் கதிரையிலை இருக்கிறவரைக்கும் பயமில்லை. எழும்பிச் சேட்டுக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சாரெண்டா, நெட்டையை இறக்கப் போறார். எனக்கு ஓட்டத்திலை தெரியாது, நீங்கள் பார்த்துக் கத்துங்கோ." உங்கள் மிஸ். "அவ ஏசினா நல்லம். பேசாமல் நிண்டாத்தான் தோக்கப் போறமெண்டு அர்த்தம்."

நானும் ஒழுங்காகக் கத்துவேன். "தும்பி, மடிக்கிறார்!" அந்தக் கோச்சே ஒருமுறை மடித்த கையைத் திரும்ப இறக்கிவிட்டுச் சிரித்தார்.

ஒருநாள், வாங்கின் கடைசியில் இருந்த சின்னப் பிள்ளையைக் காட்டினாய். நிரோ.

"அவளைப் பார்த்து வையுங்கோ. பிறகு என்ரை இடத்துக்கு அவள்தான்."

"ஏன், நீ எங்கை போகப் போறாய்?"

"ஏ.எல். சோதினை முடிஞ்சாப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகத்தானே வேணும்... விசர்க் கதை கதையாதேங்கோ."

ஏ.எல். வரைக்கும் நீ இருக்கவில்லை. மாரி மழையோடு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு உன்னோடு போனோம், நீ இல்லாமல் வந்தோம்.

இந்த முறை மிஸ் போன் எடுத்தார். "அம்மா, ஒருக்கா வாங்கோ. பிள்ளையள் கேக்கினம்." அப்பா வேண்டாம் என்றார். "போய் என்னத்தைப் பார்க்கப் போறாய்? அழுதுகொண்டு வருவாய்." எனக்கும் மனமில்லைத்தான். ஆனாலும் விடிய எழும்பி உரப்பையை மடித்தேன்.

வவுனியா ரீமோடு அரையிறுதி. உன் இடத்தில் நிரோ நின்றாள். நல்லாய் வளர்ந்துவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்ன மாதிரியே தலை சுற்றியது.

அப்போதுதான் அந்தக் கோச் எழும்பினார். சேட்டுக் கையில் கை வைத்தார்.

"தும்பி, மடிக்கிறார்!"

கத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நிரோ திரும்பினாள். உன் பேருக்கு அவள் திரும்பினாள்... மற்றப் பிள்ளைகளைக் கையைக் காட்டிப் பின்னுக்கு எடுத்தாள். நெட்டை வந்தாள், பந்து கிடைக்கவில்லை. எங்கள் சனம் கைதட்டியது. எனக்குக் கை எழும்பவில்லை. உன் பேரைத் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுத்த மாதிரி இருந்தது.

இடைவேளை வந்தது. வாங்கில் ஒருவரும் கைதட்டவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நிரோ வேர்வை வடிய வந்து நின்றாள்.

"அன்ரி, பக்கம் மாறுது."

"ஓம் பிள்ளை, தெரியும்."

உரப்பையை உதறிக்கொண்டு மைதானத்தின் வெளியோரமாய் நடந்தேன். நடுக்கோட்டடியில் கால் நின்றுவிட்டது. அங்கால் போனால் உன்னைப் போல நிரோ என்னைப் பார்த்து ஓடி வருவாள். போகாவிட்டால் அந்த இடம் வெறுமையாய்க் கிடக்கும். அந்த நடுவிலேயே விரித்து இருந்துவிட்டேன்.

நடுவில் இருந்தால் எல்லாரும் குறுக்கே ஓடுகிறார்கள் தும்பி. ஒருவரும் நம்மிடம் வருவதில்லை.

தோற்றுப்போனோம். மிஸ் பேசாமல் நின்றார். பிள்ளைகள் அழுதார்கள். நிரோதான் என் உரப்பையை மண் தட்டி மடித்துத் தந்தாள். அவள் கையிலும் அதே ரப்பர் மணம்.

"சனிக்கிழமை மூண்டாம் இடத்துக்கு விளையாடுறம். வருவீங்களோ அன்ரி?"

உரப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

முந்தியெல்லாம் பரந்தனில் உன்னை எழுப்பி இறக்குகிறதே எனக்குப் பெரும் பாடு. நேற்றுக் கண்டக்டர்தான், "அம்மா, பரந்தன் வந்திட்டுது, இறங்குங்கோ" என்று கம்பியில் தட்டினார். நான் நித்திரை இல்லை. எழும்பத்தான் மனம் வரவில்லை.

சனிக்கிழமையும் இடைவேளை வரும். பக்கம் மாறும்.

நான் எந்தப் பக்கம் இருக்கட்டும், தும்பி?