மயில்சாமிக்கு ஒரு கேள்வி பாக்கி

சனிக்கிழமை காலையில் மயில்சாமி வாய் திறப்பதில்லை. டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகர அனுமார் கோவிலில் புளியோதரைக்கு வரிசையில் நிற்கும்போது யாராவது நலம் விசாரித்தால் தலையை ஆட்டுகிறார். தட்டு ஒன்றா இரண்டா என்று கேட்டால் விரலைக் காட்டுகிறார். பக்கத்தில் பதினைந்து வயது மகள் வான்மதி, முழங்காலில் புல் கறையோடு, காதில் ஹெட்ஃபோனோடு நிற்கிறாள்.

இதைப் பார்த்துவிட்டு ஊர் சும்மா இருக்குமா? ஏழரைச் சனிக்குப் பரிகாரம், மௌன விரதம் என்றது ஒரு கட்சி. தொண்டையில் ஆபரேஷன், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்றது இன்னொரு கட்சி. பக்கத்து ஊரான பிளானோவில் வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் மணியன் மட்டும் அடித்துச் சொன்னார்: "கிரீன் கார்டுக்கு வேண்டுதல் சார். கெடச்சதும் வடைமாலை சாத்தறார். நானே வெலை விசாரிச்சுக் குடுத்தேன்."

வடைக்கு விலை விசாரிக்கும் அளவுக்கு முற்றிய வதந்தியை நம்பாமல் இருப்பது கடினம். ஆனாலும் மயில்சாமியையும் மௌனத்தையும் ஒரே வாக்கியத்தில் கேட்டபோது எனக்குச் சந்தேகம் வந்தது. புதன்கிழமை மாலை, அவர் ஆபீஸ் விட்டதும் டீ குடிக்கும் கடைக்குப் போனேன். மளிகைக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவில் அந்தக் கடை. கதவைத் திறப்பதற்கு முன்பே அவர் குரல் கேட்டது. தொண்டை ஆபரேஷன் வதந்தி வாசலிலேயே அடிபட்டுப் போனது.

உடுமலைப்பேட்டைக்காரர். லெகசி ரோடு பக்கம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் குழுவை மேய்க்கிறார். டெக்சாஸ் கோடையில், கார் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை வெந்துபோகும் மாதத்திலும், கழுத்தில் உள்ளூர் கால்பந்து அணியின் கம்பளிச் சால்வை. ஸ்டேடியத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால், மேளம் அடிக்கிற கூட்டத்தின் நடுவில் வருஷ டிக்கெட். வாழ்நாளில் பந்தை உதைத்ததே இல்லை. வான்மதியை ஐந்து வயதில் பூங்காவில் குட்டிப் பிள்ளைகளின் சாக்கர் வகுப்பில் சேர்த்தபோது தொற்றிக்கொண்ட வியாதி இது. மற்ற பெற்றோர்கள் மடக்கு நாற்காலியோடு வந்தார்கள். இவர் அபிப்பிராயத்தோடு வந்தார்.

அபிப்பிராயங்கள் எல்லா ஆட்டத்தைப் பற்றியும் உண்டு. அமெரிக்கன் ஃபுட்பாலை டெக்சாஸில் குறை சொல்வது கோவிலுக்குள் செருப்போடு நடப்பது மாதிரி. ஆகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்: "பேரு ஃபுட்பாலுங்க, பந்தைத் தூக்கீட்டு ஓடறானுங்க. அஞ்சு செகண்ட் வேலை, அப்பறம் வட்டமா நின்னு மீட்டிங். எங்க ஆபீஸ்லயும் இதேதாங்க நடக்குது, அதைப் பாக்க டிக்கெட் வேற எடுக்கோணுமா?" பேஸ்பாலுக்குப் போவது கடலை தின்ன. கூடைப்பந்தில் நூற்றுச் சொச்சம் தடவை கை தட்ட வேண்டியிருக்கிறது. கோல் என்றால் காத்திருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு மரியாதை ஏது? ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் நடத்தும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு அழைத்தால் போவார். அம்பயராக நிற்பார். டீ இடைவேளை விடுகிற ஆட்டத்தை விசேஷ வீட்டுக் கணக்கில்தான் சேர்க்க முடியும் என்பது அவர் கட்சி.

ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. காற்றடித்தாலே சாய்ந்து ஃப்ரீ கிக் கேட்கிற விங்கருக்கு "வாழை". கோடிக் கணக்கில் கொட்டி வாங்கி, கோலே போடாத ஸ்டிரைக்கருக்கு "ரெஸ்யூம்". ரெஃப்ரியிடம் ஓயாமல் நியாயம் கேட்கும் பராகுவே தடுப்பாட்டக்காரர் "பஞ்சாயத்து". நடுக்களத்தில் நின்று எல்லாரும் விட்ட ஓட்டையையும் அடைத்துவிட்டு, ஒரு போஸ்டரில்கூட முகம் வராத ஒருவர் இருக்கிறார். அவர் "புரொடக்ஷன் சப்போர்ட்". அவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் மயில்சாமி டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுகிறார். "எல்லாம் ஒழுங்கா ஓடுனா அப்படி ஒருத்தன் இருக்கறதே யாருக்கும் தெரியாதுங்க. அவன் ஒரு வாரம் லீவு போட்டாத்தான் தெரியும்."

டிரான்ஸ்ஃபர் மாதங்களில் அவரிடம் வழக்கு பேசி ஜெயிக்க முடியாது. ஓர் ஆட்டக்காரனை இன்னோர் அணிக்கு லோனில் அனுப்புகிறார்கள் என்றால், கன்சல்டன்சிக்காரன் ஆளை கிளையண்ட் இடத்துக்கு அனுப்புகிற அதே ஏற்பாடு என்று சொல்லி ஒரே நிமிடத்தில் புரியவைத்துவிடுவார். இந்த நாட்டு லீகில் ஓர் அணி இத்தனை வெளிநாட்டுக்காரர்களைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று வரம்பு உண்டு. கிரீன் கார்டு வாங்கிவிட்டால் அவன் உள்ளூர்க் கணக்கில் வந்துவிடுவான். எனவே எந்த ஆட்டக்காரனின் கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது மயில்சாமிக்கு அத்துபடி. தன்னுடையது, வான்மதிக்குப் பால் பல் விழுந்த காலத்திலிருந்து வரிசையில் நிற்கிறது. பஞ்சாயத்து வந்து இரண்டே சீசனில் வாங்கிவிட்டார். அன்று கோல் கம்பத்துக்குப் பின்னால் மேளக்காரர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தவர் மயில்சாமி. வயிறு எரியவில்லையா என்று கேட்டேன். "எரிஞ்சுதுங்க. அதுக்காக ஸ்வீட் வேண்டாங்கறதா? யாரோ ஒருத்தனுக்கு வந்துதல்லங்க."

அப்படியானால் சனிக்கிழமை மௌனம் கிரீன் கார்டுக்குத்தானா? இதைக் கேட்டதும் பேச்சு நின்றது. புதன்கிழமையிலேயே சனிக்கிழமை வந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்.

வான்மதி ஒரு கிளப் அணியின் கோல்கீப்பர். போன சீசன் கடைசி ஆட்டம், முடிய சில நிமிடங்கள், எதிரணிக்கு ஒரு பெனால்டி. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள் கை தட்டலாம், ஆட்டம் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. மயில்சாமி அந்த விதியை ஆங்கிலத்துக்கு மட்டுமானது என்று எடுத்துக்கொண்டார். டெக்சாஸ் புல்வெளியில் தமிழ் என்பது தனக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த பாஸ்வேர்ட் என்று ஒரு நம்பிக்கை. எழுந்து நின்று கத்தினார்: "கண்ணு, எடது பக்கம் சாயி! அவ எப்பவுமே அங்கதான் அடிப்பா!"

பந்தின் முன்னால் நின்ற பெண்ணின் பெயர் அஞ்சனா. அப்பா மதுரைக்காரர். அவள் ஒரு நொடி மயில்சாமியைத் திரும்பிப் பார்த்தாள். வலது பக்கம் அடித்தாள். இடது பக்கம் பாய்ந்து மண்ணில் கிடந்தாள் வான்மதி. திரும்பி ஓடும் வழியில் அஞ்சனா மரியாதையாக, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். ஃபிரிஸ்கோவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல் கேட்கும். அந்த ஊரில் வீடு வாங்கி வாழ்கிற மனிதருக்கு இது மறந்துபோனது. அவர் என்ன கத்தினார் என்று ரெஃப்ரி விசாரிக்க, மதுரைக்காரர் வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தார். மயில்சாமியைப் பார்க்கிங் லாட்டுக்கு அனுப்பினார்கள்.

"அதெல்லாங்கூடப் பரவால்லீங்க. கார்ல வீடு வர்ற வரைக்கும் எப்பவும் போல நானே மேட்ச்சைப் பத்திப் பேசீட்டு வந்தேன். அவ ஒரு வார்த்தை பேசலைங்கறது, காரை ஷெட்டுல விட்டப்பறந்தான் எனக்கு ஒறைச்சுது."

மறுநாள் மாடியிலிருந்து அம்மா நாகமணி வழியாக நிபந்தனை இறங்கி வந்தது. அப்பா ஆட்டத்துக்கு வரலாம். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை பேச்சு கிடையாது. யாரிடமும் கிடையாது. அப்படி இருந்தால், திரும்பும் வழியில் அவளே ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாள். அதற்கு மட்டும் பதில் சொல்லலாம். மீறினால் இனி அவர் வரவே வேண்டாம், அம்மா கொண்டுவிட்டால் போதும் என்றாள். கோவில் வீடு திரும்புகிற வழியில் இருப்பதால் புளியோதரையும் நிபந்தனைக்குள் அடங்கிவிட்டது.

"கேள்வி கேட்டாளா?"

"இன்னும் இல்லீங்க." ஆறிப்போன டீயை ஊதினார். "கேப்பா. கோல்கீப்பரல்லங்க, அவசரப்பட மாட்டா."

சனிக்கிழமைகளில் டோல்வேயை விட்டுவிட்டு, முக்குக்கு முக்கு சிக்னல் இருக்கிற பிரஸ்டன் ரோட்டில்தான் திரும்பி வருகிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. டோல் காசு மிச்சம் என்றார். உடுமலைச் சிக்கனம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். வருகிற சனிக்கிழமை அதே எதிரணி, அதே அஞ்சனா. கூட வருகிறேன் என்றேன். "வாங்க. ஆனா நான் வாங்கன்னு கூப்பிட மாட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

சொன்னபடியே கூப்பிடவில்லை. காரின் முன் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான். மைதானத்தில் அணியின் மேனேஜர் அம்மாள் பெற்றோர்களுக்கெல்லாம் குச்சி மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தார். வாயில் மிட்டாய் இருந்தால் சத்தம் குறையும் என்று ஊரார் கண்டுபிடித்த வைத்தியம். மயில்சாமி பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்து, கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே எத்தனை வாக்கியங்கள் முட்டி மோதினவோ, குச்சி மட்டும் இடமும் வலமும் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு தடுப்பாட்டக்காரி பந்தை விட்டபோது குச்சி நேராக நின்றது. முதல் பாதியில் வான்மதியின் அணி ஒரு கோல் போட்டது. குச்சி கீழும் மேலும் ஆடியது. ஸ்டேடியத்தில் மேளத்துக்கு மேல் கேட்கிற குரல், இங்கே ஒரு குச்சியின் ஆட்டமாகச் சுருங்கிவிட்டது.

கடைசி நிமிடங்களில் நடக்கக் கூடாதது நடந்தது. பெனால்டி. பந்தை வைத்தவள் அஞ்சனா. வைத்துவிட்டு நிமிர்ந்து, கோல் கம்பத்தைப் பார்க்கவில்லை. மயில்சாமியைப் பார்த்தாள். மதுரைக்காரரும் பார்த்தார். ஓரத்தில் இருந்த இரண்டு அணிப் பெற்றோர்களும் பார்த்தார்கள். வான்மதி மட்டும் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயில்சாமி எழுந்தார். மடக்கு நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்க்கிங் லாட்டைப் பார்த்து உட்கார்ந்தார். வாயை மூடினாலும் தன் கண் எதையாவது சொல்லிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விசில். காலில் பந்து படும் சத்தம். உடனே இன்னொரு சத்தம், பிறகு கூச்சல். இரண்டு அணிப் பெற்றோர்களும் ஒரே ஓரத்தில் உட்கார்வதால் கத்துவது யார், அலறுவது யார் என்று முதுகுக்குத் தெரியாது. மயில்சாமி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். வான்மதி இடது பக்கமும் பாயவில்லை, வலது பக்கமும் பாயவில்லை. கடைசிவரை நட்ட நடுவில் நின்றாள். அஞ்சனா நேராக அடித்த பந்தை முழங்காலால் தட்டி வெளியே தள்ளினாள்.

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் அவளைச் சூழ்ந்து குதித்ததிலிருந்து, ஜெயித்தது அவருக்குப் புரிந்தது. எப்படி என்று புரியவில்லை. பெற்றோர்கள் வந்து முதுகில் தட்டினார்கள். மதுரைக்காரரும் வந்து கை கொடுத்தார். யாரிடமும் கேட்கவில்லை, யாரையும் சொல்லவும் விடவில்லை.

கார் கிளம்பியது. அன்று அனுமார் கோவிலுக்குப் போகவில்லை. பின் சீட்டில் வான்மதி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"யூ டர்ன்ட் யுவர் சேர்" என்றாள்.

மயில்சாமி கண்ணாடி வழியாக மேலே சூரியனைக் கைகாட்டினார். வானம் முழுக்க மேகம். வான்மதியும் எட்டிப் பார்த்தாள். ஒரு சுளையைப் பின்னாலிருந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும், "அப்பா" என்றாள். மயில்சாமி ஏசியை நிறுத்தினார். அவள் ஏதோ கேட்க வாயெடுத்து, முன் சீட்டில் என் பின்னந்தலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நாட் நௌ. அங்கிள் இஸ் ஹியர். பட் ஐ ஓவ் யூ ஒன் கொஸ்டின்."

பிரஸ்டன் ரோட்டை விட்டு வேறு பாதை தெரியாத சனிக்கிழமை மயில்சாமி, அடுத்த நொடியே டோல்வேயில் ஏறினார். அவர் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. என்னை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கை ஆட்டவில்லை, தலைகூட ஆட்டவில்லை.

அவர் வீட்டுக்குப் போக என் தெருமுனையில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து கூப்பிடு தூரம். வலது பக்கம் திரும்பினால் மறுபடி பிரஸ்டன் ரோடு. கார் முனையில் போய் நின்றது. பின்னால் வண்டி ஏதும் இல்லை, முன்னால் வண்டி ஏதும் இல்லை. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு வலது பக்க இண்டிகேட்டர் மின்னத் தொடங்கியது.